ஒரே நட்சத்திரம்... ஆளுக்கொரு முகவரி!

(கம்ப்யூட்டர் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



இது கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கல், சிவில், ஈ.சி.ஈ. நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டிப்ளமோவைக் கையில் வாங்கியதும் நம்மில் பலர் ஏறி இறங்கப்போவது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் படிகளைத்தான். அங்கே பயோடேட்டாவை நீட்டும்போது, "நீ செய்த புராஜெக்ட்டை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? "பென் டிரைவ்ல இருக்கு சார், பென் டிரைவ் வீட்ல இருக்கு" என்றால் கதை அங்கேயே முடிந்தது. "கவிதா.நம்கல்லூரி.இன் என்று தட்டிப் பாருங்க சார்" என்றால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார் அல்லவா?

அந்த முகவரியை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரிவிடும் என்பதை இங்கே பார்ப்போம். (கவிதாவும் நம்கல்லூரி.இன் என்ற பெயரும் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் தட்டவும்.)

ஃபோல்டரா, தனி வாசலா?

லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். கவிதாவுடையது /ஹோம்/கவிதா. அதற்குள் 'பப்ளிக்_எச்.டி.எம்.எல்.' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து பக்கங்களைப் போட்டால், அப்பாச்சி சர்வர் அதை வெளியே காட்டும். பழைய வழியில் முகவரி இப்படி வரும்: நம்கல்லூரி.இன்/~கவிதா. அந்த நெளிகோட்டுக்கு டில்டே என்று பெயர். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பல வருடம் ஓடிய வழி இதுதான்.

இதில் என்ன குறை? போனில் முகவரி சொல்லும்போது அந்த நெளிகோட்டைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அது சின்னக் குறை. பெரிய குறை வேறு: எல்லா மாணவரின் பக்கங்களும் ஒரே வாசலுக்குள் இருக்கின்றன. ஒரே வாசல் என்றால் ஒரே வீடு என்றுதான் பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. இதன் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன். கவிதா.நம்கல்லூரி.இன் என்பது தனி வாசல். இதைத்தான் சப்டொமைன் என்கிறோம்.

தபால்காரரும் டி.என்.எஸ்.ஸும்

இந்தப் பெயர் எப்படி நம் சர்வரைக் கண்டுபிடிக்கிறது? தபால் முகவரியை நினைத்துப் பாருங்கள். முதலில் பெயர், பிறகு கதவு எண், தெரு, ஊர், கடைசியில் பின்கோடு. ஆனால் தபாலைப் பிரிப்பவர் கடைசியிலிருந்துதான் படிக்கிறார். 600054 என்றால் முதல் எண் 6 தெற்கு மண்டலம், 600 சென்னை, மீதி மூன்று எண்கள் ஆவடி. பூந்தமல்லி என்றால் 600056. கவிதா யார் என்று டெல்லியில் இருப்பவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறையும் இதே கதைதான். பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும். முதலில் '.இன்' யாரிடம் இருக்கிறது, அடுத்து 'நம்கல்லூரி' யாரிடம், கடைசியில் 'கவிதா' எங்கே என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு வரும். 'நம்கல்லூரி' வரை வந்துவிட்டால் மிச்சம் நம் கையில். அதற்கு இடப்பக்கம் எத்தனை பெயர் வைத்தாலும் யாரையும் கேட்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம்.

ஆனால் முந்நூறு மாணவர் என்றால் முந்நூறு வரி எழுத வேண்டுமே? புது அட்மிஷன் வந்தால் மறுபடியும் எழுத வேண்டுமே? இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்:

*.நம்கல்லூரி.இன்    ஏ    203.0.113.10

அவ்வளவுதாங்க! "எங்கள் பெயருக்கு முன்னால் எதைப் போட்டுக் கேட்டாலும் இந்த எண்ணுக்கு அனுப்பு" என்று அர்த்தம். (அந்த எண், பாடப் புத்தகங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண். உங்கள் சர்வரின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இதில் மூன்று சூட்சுமங்கள் உண்டு. ஒன்று, நட்சத்திரம் 'நம்கல்லூரி.இன்' என்ற வெறும் பெயருக்குப் பொருந்தாது. அதற்குத் தனி வரி வேண்டும். இரண்டு, ஒரு பெயரைத் தனியாக எழுதிவிட்டால் நட்சத்திரம் அந்தப் பெயரை விட்டு விலகிக்கொள்ளும். 'நூலகம்' என்ற பெயருக்கு மெயில் வரி மட்டும் எழுதி, 'ஏ' வரி எழுதாமல் விட்டால், அந்தப் பெயரில் இணையப் பக்கம் திறக்காது. "மத்ததெல்லாம் திறக்குதே, இது மட்டும் ஏன்?" என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்; காரணம் இதுதான். மூன்று, 'புராஜெக்ட்.கவிதா.நம்கல்லூரி.இன்' என்று இரண்டு படி போட்டாலும் நட்சத்திரம் பதில் சொல்லும்.

வாசலில் நிற்கும் வாட்ச்மேன்

டி.என்.எஸ். எல்லாக் கடிதத்தையும் நம் கேட் வரை கொண்டுவந்துவிட்டது. இனி உள்ளே யாருடைய அறைக்கு அனுப்புவது? அந்த வேலை வெப் சர்வருடையது. பிரவுசர் ஒரு பக்கம் கேட்கும்போதெல்லாம் "நான் தேடி வந்த பெயர் இது" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புகிறது. 'ஹோஸ்ட்' வரி என்பார்கள். 1997-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகள் இதைக் கட்டாயமாக்கின. இந்த வரி இல்லாத காலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி ஐ.பி. எண் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்பாச்சியில் 'வி-ஹோஸ்ட் ஏலியாஸ்' என்ற மாட்யூலை முதலில் இயக்க வேண்டும். பிறகு விர்ச்சுவல் ஹோஸ்ட் பகுதிக்குள் மூன்று வரிகள்:

சர்வர்ஏலியாஸ்  *.நம்கல்லூரி.இன்
யூஸ்கெனானிக்கல்நேம்  ஆஃப்
விர்ச்சுவல்டாக்குமென்ட்ரூட்  /ஹோம்/%1/பப்ளிக்_எச்.டி.எம்.எல்.

மூன்றாவது வரியில் உள்ள %1 என்பதுதான் வாட்ச்மேனின் கண். வந்த பெயரில் முதல் புள்ளி வரை உள்ளதை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். 'கவிதா' என்று வந்தால் கவிதாவின் ஃபோல்டர். 'சலீம்' என்று வந்தால் சலீமின் ஃபோல்டர். ஃபோல்டரே இல்லை என்றால் 404 என்று கையை விரிக்கும். புது மாணவர் சேர்ந்தால் ஃபோல்டர் திறந்தால் போதும்; அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

எஞ்சின்-எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். அங்கே சர்வர் பெயர் வரியில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி, பிடித்த பெயரை ரூட் வரியில் வைத்தால் அதே பலன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். எஞ்சின்-எக்ஸ், சரியாக அப்படியே பொருந்தும் பெயரை முதலில் பார்த்துவிட்டுத்தான் நட்சத்திரத்துக்கு வரும். அப்பாச்சி அப்படி இல்லை. ஃபைலில் எது முதலில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். எனவே அப்பாச்சியில் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.', 'நூலகம்' போன்ற தனிப் பெயர்களை மேலே எழுதி, நட்சத்திரத்தைக் கடைசியில் எழுதுங்கள். மாற்றி எழுதினால் கல்லூரியின் முதல் பக்கமே 404 ஆகிவிடும்!

இனிஷியல் செய்யும் வேலை

இனி வருவது நம் ஊருக்கே உரிய தலைவலி. நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறவர்கள். ஆர்.கவிதா என்று யூசர் பெயர் வைத்தால் முகவரி ஆர்.கவிதா.நம்கல்லூரி.இன் என்று வரும். வாட்ச்மேன் முதல் புள்ளி வரைக்கும்தான் படிப்பார். அவருக்கு அது 'ஆர்' மட்டுமே! ஆர்.கவிதா, ஆர்.சலீம், ஆர்.ஸ்டெல்லா என்று 'ஆர்' போட்டவர்கள் எல்லோரும் ஒரே அறைக் கதவைத் தட்டுவார்கள். ஆகவே யூசர் பெயரில் புள்ளி கூடாது. அடிக்கோடும் ஹோஸ்ட் பெயர் விதிப்படி செல்லாது. நடுவில் சிறு கோடு போடலாம். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால்? ரிஜிஸ்டர் நம்பரையே பெயராக வைக்கலாம். பெயர் எண்ணில் தொடங்கலாம் என்று 1989-லேயே விதி வந்துவிட்டது. ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக. '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கு 2011-ல் இடம் கிடைத்தது. ஆனால் பிரவுசர் தமிழ்ப் பெயரை எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அனுப்பும். வாட்ச்மேனுக்கு வந்து சேர்வது அந்தக் கோவைதான். ஆகவே ஃபோல்டரின் பெயரும் அந்தக் கோவையாகவே இருக்க வேண்டும்.

சில பெயர்களை யாருக்கும் கொடுக்கக்கூடாது. மெயில், அட்மின், ரிசல்ட், ஃபீஸ், லாகின்... 'ஃபீஸ்.நம்கல்லூரி.இன்' என்ற பெயர் ஒரு குறும்புக்காரர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? பூந்தமல்லியில் இருக்கும் ஒரு அப்பா அதைக் கல்லூரியின் பக்கம் என்று நம்பிப் பணம் கட்டிவிடுவார். அக்கவுன்ட் திறக்கும்போதே இந்தப் பெயர்களைத் தடை செய்துவிடுங்கள்.

பக்கம் திறக்காமல் 403 என்று வந்தால் அது பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். உபுண்டு 21.04-லிருந்து புது யூசரின் ஹோம் ஃபோல்டர் மற்றவர்களுக்குப் பூட்டியே கிடைக்கிறது. ஹோம் ஃபோல்டருக்கு 711, பப்ளிக் ஃபோல்டருக்கு 755, பக்கங்களுக்கு 644 என்று அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். 777 போட்டால் எல்லாம் ஓடும்தான். கதவைக் கழற்றி வைத்துவிட்டால் சாவித் தொல்லை இல்லை என்பது மாதிரி!

வீட்டில் செய்து பார்க்க டொமைன் வாங்க வேண்டியதில்லை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கவிதா.லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் அது உங்கள் கம்ப்யூட்டருக்கே வந்து சேரும். சர்வர்ஏலியாஸ் வரியில் *.லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றிக்கொண்டால் போதும். 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் மட்டும் நட்சத்திரம் போட முயலாதீர்கள். அது நட்சத்திரத்தை ஏற்காது.

பூட்டு

இன்று பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத பக்கத்தைப் பிரவுசரே "பாதுகாப்பற்றது" என்று சொல்லிவிடுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2018 மார்ச் முதல் நட்சத்திரச் சான்றிதழையும் இலவசமாகத் தருகிறது. ஆனால் அதைப் பெற, டி.என்.எஸ்.ஸில் அவர்கள் தரும் ஒரு வரியை எழுதிக் காட்ட வேண்டும். சான்றிதழின் ஆயுள் சில மாதங்களே என்பதால் புதுப்பிக்கும் வேலையைத் தானியங்கியாக வைத்துவிடுங்கள். இங்கே இன்னொரு கணக்கு உண்டு: சான்றிதழின் நட்சத்திரம் ஒரு படிக்கு மட்டுமே செல்லும். 'புராஜெக்ட்.கவிதா...' என்று இரண்டு படி போனால் டி.என்.எஸ். வழிவிடும், பூட்டு வழிவிடாது.

பக்கத்து வீட்டு ஜன்னல்

முன்பு சொல்வதாகச் சொன்ன ஆபத்துக்கு வருவோம். முகவரியில் வாசல் பெயர் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று பிரவுசர் நம்புகிறது. எனவே டில்டே முறையில் ஒரு மாணவர் தன் பக்கத்தில் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட், அதே வாசலில் இருக்கும் வேறு மாணவரின் பக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம். அட்டெண்டன்ஸ், மார்க் பார்க்கும் பக்கமும் அதே வாசலில் இருந்தால், லாகின் செய்தவரின் விவரமே போய்விடக்கூடும். சப்டொமைன் கொடுத்தால் நடுவில் சுவர் எழும்புகிறது.

ஆனால் சுவரிலும் ஒரு ஜன்னல் உண்டு. கவிதா.நம்கல்லூரி.இன் தன் குக்கியை 'நம்கல்லூரி.இன் முழுவதற்கும்' என்று எழுதி வைக்க முடியும். அந்தக் குக்கி எல்லா வாசலுக்கும் போகும். இந்தப் பயத்தால்தான் கிட்ஹப் நிறுவனம் 2013 ஏப்ரலில் பயனர்களின் பக்கங்களை கிட்ஹப்.காம் என்ற தன் சொந்தப் பெயரிலிருந்து பிரித்து கிட்ஹப்.ஐஓ என்ற தனிப் பெயருக்கு மாற்றியது. நாமும் அதையே செய்யலாம். மார்க், ஃபீஸ் எல்லாம் கல்லூரியின் பெயரில் இருக்கட்டும். மாணவர் பக்கங்களுக்குத் தனியாக ஒரு பெயர் வாங்குவோம்.

சர்வருக்கு உள்ளேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது. பி.எச்.பி. சாதாரணமாக எல்லோருக்கும் ஒரே யூசராக ஓடும். ஒருவர் எழுதும் ஸ்கிரிப்ட் மற்றவரின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஃபைலைப் படித்துவிடலாம். ஆளுக்கொரு பி.எச்.பி. குழு அமைக்கும் வரை வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்கள் மட்டும் போதும்.

நட்சத்திரம் சொன்ன இரண்டு கதைகள்

2003 செப்டம்பர் 15 அன்று, .காம், .நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் அந்த இரண்டுக்குமே ஒரு நட்சத்திரம் போட்டது. உலகத்தில் யார் எந்த .காம் பெயரைத் தப்பாகத் தட்டினாலும் அவர்களுடைய 'சைட் ஃபைண்டர்' பக்கம் திறந்தது. இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலை நம்பித்தான் எத்தனையோ புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அனுப்பியவரின் டொமைன் இல்லை என்றால் மெயிலைக் குப்பையில் போடும் ஸ்பாம் வடிகட்டிகள் குழம்பின. பெயரைத் தப்பாக எழுதி அனுப்பிய மெயில்கூட வெரிசைன் வாசலைத் தட்டியது. எதிர்ப்புக் கிளம்பி, ஐகேன் அமைப்பு வற்புறுத்தியதும் அக்டோபர் 4 அன்று நட்சத்திரத்தை எடுத்தார்கள். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான். நம் சர்வரும் இல்லாத மாணவரின் பெயருக்குக் கல்லூரியின் முதல் பக்கத்தைக் காட்டாமல், நேர்மையாக 404 சொல்ல வேண்டும்.

இரண்டாவது கதை நமக்கு நெருக்கமானது. தமிழில் பல்லாயிரம் பேர் கதையும் கவிதையும் சமையல் குறிப்பும் எழுதியது பிளாக்ஸ்பாட்டில்தான். ஆளுக்கொரு சப்டொமைன், அதே நட்சத்திர வித்தை. 2012 தொடக்கத்தில் கூகுள், இந்தியாவில் படிப்பவர்களை .காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. படித்தவர்கள் அந்த .இன் முகவரியையே நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள், மற்ற பக்கங்களில் இணைப்பும் கொடுத்தார்கள். 2020-ன் நடுவில் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய் வேறொருவர் பெயரில் பதிவானது. அந்தப் பெயரில் முடிந்த இணைப்புகள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தன. எழுத்துகள் அழியவில்லை; .காம் முகவரியில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த வாசகருக்கு அது எப்படித் தெரியும்?

சாவி யாரிடம்?

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே ஒரு பெயர் கைமாறிவிட்டது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆர்வத்தில் தன் சொந்த மெயிலில், தன் சொந்தக் காசில் டொமைன் வாங்கி நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டு, பாஸ் செய்து ஒரகடத்தில் வேலைக்குப் போய்விட்டால்? அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் யாருக்கு வரும்? அந்த ஒரு மெயிலைப் பார்க்காமல் விட்டால் முந்நூறு பேருடைய முகவரி ஒரே நாளில் போய்விடும். வாங்கினவர் அதற்கும் ஒரு நட்சத்திரம் போட்டால் நம் எல்லோருடைய பெயரிலும் அவருடைய கடை திறந்திருக்கும்.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. டொமைனைக் கல்லூரியின் அலுவலக மெயிலில் பதிவு செய்ய வேண்டும், தனி ஆளின் மெயிலில் அல்ல. .இன் பெயரை ஒரே தடவையில் பத்து வருடம் வரை பதியலாம். மன்ற நிதியிலிருந்து முடிந்த வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவோம். கெடு தேதியை மன்றத்தின் மினிட்ஸ் நோட்டில் எழுதி, ஒவ்வொரு வருடமும் புதுச் செயலாளர் பொறுப்பேற்கும்போது வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். படித்து முடித்துப் போகிறவர்களின் பக்கத்தை உடனே அழிக்காமல், எத்தனை வருடம் வைத்திருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயோடேட்டாவில் அந்த முகவரியை எழுதிக் கொடுத்திருப்பார்கள் அல்லவா?

நட்சத்திரத்தை எழுத ஐந்து நிமிடம் போதும். அதை நம்பி முகவரி கொடுத்தவர்களுக்காக அதைக் காப்பாற்றுவதுதான் வருடக்கணக்கான வேலை. இந்த வருடம் நம் லேப்பில் ஆளுக்கொரு வாசல் திறக்கட்டும். அடுத்து வரும் தம்பி தங்கைகள் அதை மூடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.